முரசும் பூனையும்



பத்தாண்டு நிறைவு விழாவில் சிறுவர் கதையொன்றைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அக்கதைக்கும் நம் மண்ணுக்கும் உறவுண்டு. செங்கற்பட்டை அடுத்த வில்லியம்பாக்கத்தவரான தாண்டவராய முதலியார், சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழ்ப் புலவராக விளங்கியவர். பஞ்சதந்திரத்தை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையாக்கி 1826-இல் வெளியிட்டவர் அவரே.

பஞ்சதந்திரக் கதைகளுள் ஒன்று இது. பசித்த நரி ஒன்று, ஆளரவமற்ற போர்க்களத்தில் பேரொலி கேட்டு நடுங்குகிறது. ஓடிவிடலாமா என்று எண்ணுகிறது. பிறகு மெல்ல நெருங்கிப் பார்க்கிறது. கேட்பாரற்றுக் கிடக்கிறது ஒரு முரசு. காற்றிலாடும் கிளையொன்று அதன்மேல் மோதிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான்! அச்சம் போய் ஆசை வந்துவிடுகிறது. இத்தனை பெரிய உடம்பில் எத்தனை கொழுப்பிருக்கும்! பல் நோகத் தோலைக் கிழித்து உள்ளே புகுந்தால், இருப்பது வெறும் மரம்.

குழந்தைகள் இங்கே கைகொட்டிச் சிரிப்பார்கள். 'ஓசைக்கு அஞ்சாதே, போய்ப் பார்' என்று நீதி சொல்லி நாமும் நூலை மூடிவிடுவோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. எருதின் முழக்கம் கேட்டு அஞ்சிய சிங்கத்துக்குத் தமனகன் என்னும் நரி சொல்லும் கதையே இது. சிங்கம் தெளிகிறது, எருதும் அதுவும் நண்பர்களாகின்றன. பின்னர் அதே தமனகன் சிங்கத்தின் காதோரம் கோள் மூட்டுகிறது. சிங்கம் நண்பனைக் கொன்றுவிடுகிறது. தொலைவில் எழுந்த முழக்கத்தை ஆராய்ந்தறிந்த செவி, அருகில் எழுந்த முணுமுணுப்பை ஆராயவில்லை.

இதை நம் மாமல்லைச் சிற்பியும் அறிந்திருந்தான் போலும். அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் வழங்கும் பெரும்பாறையில், யானையின் தந்தத்தருகே ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது. எலிகள் அதைச் சூழ்ந்துள்ளன. சொல்லே இல்லாத அந்தக் கல்லைப் படக்கதை நூலின் ஒரு பக்கம் எனலாம். அங்கே ஓசை ஏதுமில்லை. ஆபத்து மட்டும் கண்மூடி நிற்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று இக்கரையில் கடல் பின்வாங்கியது. நீருள் மறைந்திருந்த பாறைகள் வெளித்தெரிந்தன. ஆழிப்பேரலை வந்த கரைகள் பலவற்றில், கடல் விலகியதைக் கண்டு வியந்து முன்னே சென்றவர்கள் உண்டு. முழக்கம் பின்னரே வந்தது. 'அஞ்சாதே, போய்ப் பார்' என்று மட்டும் இனி நான் எந்தக் குழந்தைக்கும் சொல்லத் துணியேன். 'நின்று ஆராய்ந்து பார். சில வேளை ஓடுவதும் அறிவே' என்றும் சேர்த்துச் சொல்வேன்.

கவிஞர்களே! ஓசையைத் தொழிலாகக் கொண்டவர்கள் நாம். நம் குழந்தைகளுக்குச் சிரிக்கச் சிரிக்க ஒரு படக்கதை எழுதுங்கள். முரசு முழங்கட்டும், நரி பல்லை நோகடித்துக்கொள்ளட்டும். கடைசிப் பக்கத்தில் மட்டும் நம் மாமல்லைப் பூனை வாய் திறவாமல் நிற்கட்டும். அந்தப் பக்கத்தில் குழந்தை சிரிப்பை நிறுத்திச் சற்றே யோசிக்குமானால், அந்நூல் தன் கடனைச் செய்துவிட்டது என்பேன்.