எங்கே முட்டுகிறது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



உற்பத்தி நிர்வாகம் பற்றிப் பேசச் சொன்னாங்க. அதுக்கு ஜப்பான் வரைக்கும் போக வேண்டாம். கடலூர் பக்கத்திலிருக்கும் நெல்லிக்குப்பம் போதும். 1840-களிலேயே சர்க்கரை ஆலை கண்ட ஊர் அது.

ஓர் ஆலை ஒரு நாளைக்கு 2,400 டன் கரும்பு அரைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வயல்களில் 3,000 டன் வெட்டினால் என்ன ஆகும்? சர்க்கரை ஒரு மூட்டைகூட அதிகம் வராது. 600 டன் கரும்பு ஆலை வாசலில் வண்டியோடு நிற்கும். வெட்டிய கரும்பு காயக் காய எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். எடைக்குத்தானே பணம்? வெட்டினவரும் உழைச்சார், லாரிக்காரரும் உழைச்சார், நஷ்டம் விவசாயிக்கு. ஆளாளுக்கு ஓடி ஓடி உழைச்சாலே உற்பத்தி பெருகிடும்னு நினைக்கிறோமே, அது சரியில்லை.

இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட் இதைத்தான் 1984-இல் 'தி கோல்' என்ற நாவலாகவே எழுதினார். எந்த அமைப்பிலும் வேகத்தை நிர்ணயிப்பது ஒன்றிரண்டு இடங்கள்தாம். முதலில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் நேரம் ஒரு நிமிஷமும் வீணாகக் கூடாது. மற்ற வேலைகள் அதன் வேகத்துக்கு இசைய வேண்டும். அப்புறமும் போதாவிட்டால்தான் பணம் போட்டு அதைப் பெரிதாக்க வேண்டும். தடை வேறிடத்துக்கு நகர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இது புதுசில்லை. ஆனித் திருமஞ்சனத்தில் ஐந்து தேர் வருகிறது. முன்தேர் வீதி முக்கில் திரும்பும்போது பின்தேர்க்காரங்க எவ்வளவு வேகமா வடம் பிடிச்சாலும் ஊர்வலம் சீக்கிரம் நிலைக்கு வராது. அங்கே சமயம் பார்த்து முட்டுக்கட்டை போடுறவர்தான் கெட்டிக்காரர். ஆலையில் அந்த வேலையைச் செய்வது வெட்டு உத்தரவு. அரவை வேகத்தைப் பார்த்து உத்தரவு போகணும். ராத்திரியில் அரவை நிற்காதபடி யார்டில் அளவான கரும்பு இருக்கணும். அரவை ஒரு மணி நேரம் நின்றால், மொத்த ஆலைக்கும் ஒரு மணி நேரம் போச்சு.

தடை ஒரே இடத்தில் இருக்காது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்த பிறகு தமிழ்நாட்டு ஆலைகள் பலவும் கரும்பு கிடைக்காமல் தடுமாறின. அப்போது தடை வயலில். ஆலையைப் பெரிதாக்கி என்ன பயன்?

விநியோகத்திலும் இப்படித்தான். பத்து ஆஸ்பத்திரிக்கும் மருந்தை முன்கூட்டியே பங்குபோட்டு அனுப்பினால், ஓரிடத்தில் தேங்கிக் காலாவதியாகும். இன்னோரிடத்தில் நோயாளியிடம் இல்லைன்னு கையை விரிப்பாங்க. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டக் கிடங்குகளில் மருந்தை வைத்து, ஆஸ்பத்திரிகள் பாஸ்புக் கணக்கில் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ள வழிசெய்தது. சரக்கு ஓரிடத்தில் பொதுவாக இருக்கட்டும், செலவைப் பார்த்து நகரட்டும்: விநியோகத்துக்குக் கோல்ட்ராட் சொல்லும் நியாயமும் இதுவே.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்க ஷிப்ட் இன்ஜினியராகப் போவீங்க. யார் சும்மா நிற்கிறாங்கன்னு முதலில் தேடாதீங்க. எங்கே முட்டுதுன்னு பாருங்க. சும்மா நிற்கிற ஆளை விரட்டினால் சரக்குதான் குவியும். முட்டுகிற இடத்தைச் சரிசெய்தால் வாசலில் காத்திருக்கும் விவசாயி பொழுதோடு வீடு திரும்புவார்.