குப்பைமேட்டில் எரியும் செல்வம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

விழா நாளில் இயல், இசை, நாடகம் பற்றிப் பேசுவதே முறை. குப்பையைப் பற்றிப் பேச வந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறோம். எனினும், தில்லியின் கீழ்த்திசையில் வாழும் நாம் இதனைப் பேசாதிருத்தல் இயலாது. மொட்டைமாடியில் ஏறி நின்றால் நம் கண்ணிற்படுவது கோயிற் கோபுரமன்று, காஜிப்பூர்க் குப்பைமேடு.

1984-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அம்மேடு, 2017 செப்டம்பர் முதல் நாள் சரிந்து இருவர் உயிரைப் போக்கிற்று. 2024 ஏப்ரல் 21 அன்று தீப்பற்றிற்று. நாம் சாளரங்களைச் சாத்திக்கொண்டு குழந்தைகளுடன் உள்ளே இருந்தோம். மேட்டின் அடியிலேயே குடியிருப்போர் எங்கே செல்வர்?

குப்பை ஏன் இவ்வாறு எரிகின்றது? காற்றுப் புகாத ஆழத்தில் சோறும் காய்கறித் தோலும் அழுகுங்கால், நுண்ணுயிர்கள் ஒரு வாயுவை உண்டாக்குகின்றன. அதில் ஏறத்தாழப் பாதி மீத்தேன். மற்றப் பாதி பெரும்பாலும் கரியமிலவாயு. சாணவாயு அடுப்பில் எரிவதும் இம்மீத்தேனே. மேட்டிலிருந்து கசிந்தால் அது தீக்கு இரையாகும். வானிற் கலந்தாலோ, நூறாண்டுக் கணக்கில், கரியமிலவாயுவினும் 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தேக்கும்.

இரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் நமக்கு ஒன்று தோன்றுகின்றது. வழியிலே ஒழுகிய எண்ணெய் உடையவனுக்கும் உதவாது; ஒழுகிய இடத்தையும் பாழாக்கும். குப்பை வாயுவின் கதையும் அதுவே.

இதனைப் பிடிக்க வழியுண்டு. மேட்டை மண்ணிட்டு மூடி, துளையிட்ட குழாய்களை ஆழ இறக்கி, வாயுவை உறிஞ்சி, ஈரத்தையும் கந்தகவாயுவையும் கரியமிலவாயுவையும் நீக்கினால், எஞ்சும் மீத்தேன் இயற்கை எரிவாயுவுக்கு ஈடாகும். ஆயினும், மூடாது கிடந்த பழைய மேட்டிலிருந்து பெரும்பகுதி முன்னரே கசிந்துவிடும். ஆதலின், மேட்டுக்குச் செல்லுமுன்பே ஈரக்கழிவைப் பிரித்து, மூடிய கலங்களில் நொதிக்கவிடுதல் மேலான வழி.

இந்தூர் நகரம் இதனைச் செய்து காட்டியுள்ளது. தேவ்குராடியாவிற் குவிந்திருந்த பழங்குப்பையை அகற்றிய இடத்தில், 2022 பிப்ரவரி 19 அன்று ஓர் ஆலை திறக்கப்பெற்றது. நாள்தோறும் 550 டன் ஈரக்கழிவை ஏற்று, சுமார் 17 டன் எரிவாயுவும் 100 டன் எருவும் தருமாறு அஃது அமைக்கப்பெற்றது. சமையலறைக் கழிவிலிருந்து பிறந்த வாயு நகரப் பேருந்துகளை ஓட்டலாயிற்று.

அங்கே எந்திரத்துக்கு முன்னின்று உதவியது வீட்டாரின் கை. வாயிலிலேயே கழிவைப் பிரித்துக் கொடுக்க அவர்கள் பழகினர். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலந்தால் ஆலையும் தடைப்படும், எருவும் கெடும்.

நம் நிலை யாது? கூடை இரண்டு உள்ளன. அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகவே கவிழ்க்கின்றோம். "வண்டிக்காரர் எப்படியும் கலந்துவிடுவார்" என்று காரணமும் சொல்லுகின்றோம். இக்குற்றம் நம் வீட்டிலும் நிகழ்ந்ததே, மறைப்பதற்கில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இன்று முதல் நம் குடியிருப்பிலிருந்து பிரித்த கழிவே செல்லட்டும். வண்டியில் அது கலக்கப்பெறின், சங்கத்தின் பெயரால் ஒருமுகமாய் முறையிடுவோம். நாம் பிரித்துக் கொடுத்த பின்னரே அவ்வாறு கேட்கும் உரிமை நமக்குண்டு. பிழைக்க வந்த ஊர் என்று இருந்தது போதும். நம் மக்கள் பிறந்த ஊர் இது.