அந்த 'நாலு' யாருக்கு?

அறுவை மருத்துவர்களும் கதிர்வீச்சு மருத்துவர்களும் ஆய்வகத்தாரும் ஒருசேரக் கூடுவது அரிது. அப்படியொரு அவைக்குத் தலைமை ஏற்பதை இவ்வுரையாளர் பெரும்பேறாகக் கருதுகிறார். கற்றுக்கொடுத்த ஆசிரியர்களே முன்வரிசையில் இருப்பதால் சிறிது தயக்கமும் அவருக்கு உண்டு.

மாநாட்டின் பொருள் புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்பு. பிஎஸ்ஏ என்றால் என்ன, எங்கே சுரக்கிறது என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனுக்கும் புதிய ஹார்மோன் மருந்துகளுக்கும் தனித்தனி அமர்வுகள் இருக்கின்றன. இந்த உரை எடுத்துக்கொள்வது பிஎஸ்ஏ அளவைத் தாங்கி ஆய்வகத்திலிருந்து வரும் ஒற்றைத் தாளை மட்டும்தான்.

அண்மையில் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு பெரியவர் மகனோடு வந்தார். மஞ்சள் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து, நீவி, மேசைமேல் வைத்தார். பிஎஸ்ஏ 0.47. பக்கத்துக் கட்டத்தில் 'நார்மல்: 0 - 4.0' என்று அச்சாகியிருந்தது. "நாலு வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கு சார். நமக்கு அரை கூட இல்ல" என்றார் நிம்மதியாக. அவருடைய புராஸ்டேட் சுரப்பியை மூன்றாண்டுகளுக்கு முன்பே முழுதாக எடுத்தாயிற்று. பையின் அடியில் மடிந்து கிடந்த பழைய தாள்களில், ஆறாறு மாத இடைவெளியில், 0.12, 0.23 என்று இருந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு இரட்டித்திருக்கிறது. மூன்று தாளிலும் அதே 'நார்மல்'.

நிலைமையைச் சொன்னதும் அவர் கேட்ட கேள்வி இது: "அப்ப அந்த நாலு யாருக்கு சார்?"

சுரப்பி உடலில் இருப்பவருக்கு, புற்றுநோய் இருக்கிறதா என்று தேடுகையில் பார்க்கும் வரம்பு அது. ஆனால் இந்தப் பரிசோதனை முதலில் அதற்காக வந்ததல்ல. அமெரிக்காவின் எஃப்டிஏ 1986இல் இதற்கு ஒப்புதல் தந்தது, நோய் உறுதியானவர்களைக் கண்காணிப்பதற்கு. நோயைக் கண்டறியத் துணையாகப் பயன்படுத்தும் ஒப்புதல் 1994இல்தான் வந்தது. பின்னால் வந்த பயனுக்குரிய வரம்பு, முன்னால் இருந்த பயனை மூடிவிட்டது.

ரத்தத்தில் பிஎஸ்ஏ ஏறத்தாழ 2 முதல் 3 நாளில் பாதியாகக் குறையும். ஆகவே சுரப்பியை அகற்றியவருக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். அதன்பின் மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, மறு பரிசோதனையிலும் அது உறுதியானால் நோய் திரும்பியதாகக் கொள்கிறோம். கதிர்வீச்சு பெற்றவருக்கோ சுரப்பி உள்ளேயே இருக்கிறது. அளவு மாதக்கணக்கில் மெதுவாக இறங்கும். அவருக்குரிய வரையறை 2005இல் ஃபீனிக்ஸ் நகரக் கூட்டத்தில் முடிவானது: தொட்ட மிகக் குறைந்த அளவுக்கு மேல் 2 நானோகிராம். அதே 0.47, கதிர்வீச்சு முடிந்து மூன்றாண்டான ஒருவரிடம் இருந்தால் அவரைத் தைரியமாக வீட்டுக்கு அனுப்பலாம்.

இங்கே ஒரு பழைய வாதத்தைத் தொட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின் அளவு சற்று ஏறினாலே ஹார்மோன் ஊசியைத் தொடங்கிவிடும் நண்பர்கள் இந்த அவையில் உண்டு. அவர்களுடைய அக்கறையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கதிர்வீச்சுக்குப் பின், குறிப்பாகக் கதிரியக்க விதைகளைச் சுரப்பிக்குள் பதித்தவர்களிடம், முதல் சில ஆண்டுகளில் பிஎஸ்ஏ தற்காலிகமாக ஏறித் தானே இறங்குவது நன்கு தெரிந்த ஒன்று. அந்த ஏற்றத்துக்கு ஊசி போட்டால், திரும்பாத நோய்க்காக ஒருவர் உடல்வெப்ப அலைகளையும் எலும்புத் தேய்மானத்தையும் சுமக்கிறார்.

பொறுத்திருக்கலாம் என்னும் அணியினர் வழக்கமாகக் காட்டுவது ஜான்ஸ் ஹாப்கின்ஸின் 1999ஆம் ஆண்டுக் கட்டுரையை. அறுவை செய்துகொண்ட 1,997 பேரைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், பிஎஸ்ஏ ஏறத் தொடங்கியதிலிருந்து நோய் பரவியது தென்பட எடுத்த இடைநிலைக் காலம் 8 ஆண்டுகள். ஆறுதலான எண்தான். ஆனால் அதே மருத்துவமனையின் 2005ஆம் ஆண்டுக் கட்டுரையையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும். அளவு மூன்று மாதத்துக்குள் இரட்டிப்பவர்களுக்கே ஆபத்து மிக அதிகம் என்று அது காட்டியது. அவசரப்படுவதா, பொறுப்பதா என்பதை முடிவு செய்வது ஏற்றத்தின் வேகம். அந்த வேகம் ஒரு தாளில் தெரியாது. மஞ்சள் பையின் அடியில் கிடக்கும் தாள்களில்தான் தெரியும். நாம் அதிகம் புறக்கணித்த சான்று அதுவே. ஆய்வகம் மாறினால் கருவியின் அளவுத்திட்டமும் மாறி, எண் ஐந்தில் ஒரு பங்குவரை வேறுபடலாம் என்பதால், எங்கே, எந்த முறையில் எடுத்தது என்பதும் அந்தச் சான்றின் பகுதி.

2020இல் மூன்று பெரிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அறுவைக்குப் பின் எல்லாருக்கும் உடனே கதிர்வீச்சு தர வேண்டியதில்லை, பிஎஸ்ஏ ஏறத் தொடங்கியதும் தந்தால் போதும் என்ற முடிவு வலுப்பெற்றது. காத்திருக்கும் இந்த வழி, தாழ்ந்த அளவிலேயே ஏற்றத்தைக் கவனித்தால்தான் பலிக்கும். பெரியவருக்கு அந்த வேளை 0.23இலேயே வந்துவிட்டது. 'நார்மல்' என்ற அச்சு அவரிடமிருந்து ஆறு மாதத்தைப் பறித்தது.

ஆய்வக நண்பர்கள் ஒரு நியாயமான மறுப்பைச் சொல்கிறார்கள்: நோயாளிக்கு என்ன சிகிச்சை நடந்தது என்று எங்களுக்கு யார் சொல்கிறார்கள்? உண்மைதான். மருத்துவர் எழுதும் சீட்டில் 'பிஎஸ்ஏ' என்ற மூன்றெழுத்துக்கு மேல் எதுவும் இருப்பதில்லை. ஆகவே பிழை இரு பக்கமும் இருக்கிறது. திருத்தமும் இரு பக்கமும் வேண்டும். சீட்டில் அறுவையா, கதிர்வீச்சா, எந்த மாதம், எந்த ஆண்டு என்று மருத்துவர் எழுதட்டும். சிகிச்சை பெற்றவரின் ரிப்போர்ட்டில் '0 - 4.0' கட்டத்தை நீக்கிவிட்டு, முந்தைய மூன்று அளவுகளையும் தேதிகளையும் ஆய்வகம் அச்சிடட்டும்.

அத்தகைய சீட்டின் மாதிரி ஒன்று வரவேற்பு மேசையில் இருக்கிறது. திருத்தங்களை அதன் ஓரத்திலேயே எழுதி, மாலை அமர்வுக்கு முன் தருமாறு அவையை இவ்வுரையாளர் கேட்டுக்கொள்கிறார்.