நம்ம மாடி, நம்ம மீட்டர், நம்ம ஆறு

(பொதட்டூர்பேட்டையில் நெசவாளர் குடும்பங்களுக்காக நடந்த சூரிய மின்சக்தி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் தறி நின்றால் எவ்வளவு கூலி போகும் என்று எனக்கும் தெரியும். எங்கள் வீடும் தறி வீடுதான். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம வீட்டு மாடியில் சோலார் போடலாமா, வேண்டாமா? இன்றைக்கு இந்த ஒரு கேள்விதான். "போடுங்க, போடுங்க" என்று சொல்ல வீடு தேடிப் பத்து பேர் வருவார்கள். யார் போட வேண்டும், யார் அவசரப்பட வேண்டாம், போடுவதற்கு முன்னால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

முதலில் நம்ம ஆற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வரும். தரைப்பாலம் மூழ்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. இது வருஷா வருஷம் நாம் பார்ப்பது. அந்தத் தண்ணீர் பிறகு எங்கே போகிறது? பூண்டி ஏரிக்குப் போய், அதைத் தாண்டி எண்ணூரில் கடலில் சேர்கிறது. அந்த எண்ணூர்ப் பக்கம், அத்திப்பட்டில்தான் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிற இடம். எரித்தால் சாம்பல் வரும். அந்தச் சாம்பல் ஆற்றின் கழிமுகத்தில் கலந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது பற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் வழக்குப் போனது.

மாநிலம் முழுக்க மின்கம்பி ஒரே வலை. நம்ம தறியை ஓட்டுகிற கரண்டில் அந்தக் கரிக் கரண்டும் கலந்துதான் வருகிறது. நம்ம ஊர் வழியாகப் போகிற ஆறு, கடைசியில் நம்ம கரண்டின் சாம்பலைச் சுமக்கிறது. இதற்காக யாரும் தறியை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் மாடியில் ஒரு யூனிட் எடுத்தால், அந்த ஒரு யூனிட்டுக்கு அங்கே கரி எரிய வேண்டியதில்லை. அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கை ஒரு நாடே போட்டுப் பார்த்திருக்கிறது. பிரிட்டனில் வேல்ஸ் என்று ஒரு சின்ன நாடு. மொத்தம் முப்பது லட்சம் பேருக்குக் கொஞ்சம் கூட. ஒரு காலத்தில் உலகத்துக்கே நிலக்கரி அனுப்பிய இடம். 1966 அக்டோபர் 21-ம் தேதி, அபர்ஃபான் என்ற ஊரில், சுரங்கக் கழிவைக் கொட்டிவைத்த குன்று சரிந்து ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். மலிவாகக் கிடைத்த எரிபொருளுக்கு அந்த ஊர் கொடுத்த விலை அது.

அதே வேல்ஸ் 2015-ல் ஒரு சட்டம் போட்டது. அரசு அலுவலகங்கள் எந்த முடிவு எடுத்தாலும் இன்னும் பிறக்காத தலைமுறையையும் நினைத்து எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2017-ல், 2030-க்குள் தங்கள் மின்தேவையில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து எடுக்க இலக்கு வைத்தார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள்: 1,000 மெகாவாட்டாவது உள்ளூர் மக்களுக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கும் சொந்தமாக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவதுதான். 2018 கடைசியிலிருந்து 2021 வரை அங்கே சுற்றுச்சூழல், எரிசக்தி, ஊரக விவகாரம் மூன்றையும் ஒரே அமைச்சர் பார்த்தார். யோசித்துப் பார்த்தால் நம்ம வீட்டிலும் அப்படித்தான். கரண்ட் பில் கட்டுகிறவர், ஆற்றைக் கடக்கிறவர், வயலுக்குத் தண்ணீர் விடுகிறவர் எல்லாரும் ஒரே வீட்டு ஆட்கள்தானே.

சரி, மாடிக்கு வருவோம்.

ஒரு கிலோவாட் சோலாருக்குச் சுமார் நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நம்ம ஊர் வெயிலில் ஒரு நாளைக்குச் சராசரியாக நான்கு யூனிட் கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். தண்ணீர்த் தொட்டி நிழலோ தென்னை மர நிழலோ விழுந்தால் குறையும்.

மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. இதில் மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். வேலை முடிந்து, மீட்டர் மாற்றி, ஈபி சரிபார்த்த பிறகு, பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். யார் கைக்கும் போகாது.

யாருக்கு லாபம்? போன பில்லை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு 160 யூனிட் ஓடுகிற வீடா? முதல் நூறு யூனிட் எப்படியும் இலவசம். மிச்சம் அறுபதுக்கு இருநூறு ரூபாய்க்குள்தான் வரும். இந்த வீட்டுக்கு சோலார் இப்போது அவசரமில்லை. அந்தப் பணத்தில் பிள்ளைக்கு வேறு ஏதாவது செய்யுங்கள். 340 யூனிட் ஓடுகிற வீடா? ஒரு கிலோவாட் போட்டால் கணக்கு நூறுக்கு வந்துவிடும், இலவச வரம்புக்குள் அடங்கிவிடும். 500-ஐத் தாண்டுகிற வீடா? அவர்கள்தான் முதலில் யோசிக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரைக்கும் கிடைக்கிற பாதி விலைச் சலுகையும் போய்விடும். ஏசி போட்ட வீட்டுக்காரர்கள் கோடையில் பில்லைப் பார்த்துத் திடுக்கிடுவது இதனால்தான்.

இப்போது தறி. இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். நான் சொன்ன மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும். தறி இணைப்பு வேறு எண், வேறு கட்டண விகிதம். அதற்கு இந்த மானியம் கிடையாது. தறிக்கு மாநில அரசு 2023 மார்ச் முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விசைத்தறிக்கு 1,000 யூனிட், கைத்தறிக்கு 300 யூனிட் இலவசமாகத் தருகிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் மணிக்கு முக்கால் யூனிட் எடுக்கும். பத்து மணி நேரத்துக்கு ஏழரை யூனிட். இரண்டு மாதத்தில் ஐம்பது நாள் ஓடினால் சுமார் 375. நிஜத்தில் இதைவிடக் குறையும். அப்படியானால் இரண்டு தறி வீட்டுக்கு ஆயிரம் யூனிட் தாராளம். அதற்கு மேல் தறி வைத்திருப்பவர்கள், ஆயிரத்துக்கு மேல் ஓடுகிற யூனிட்டை மட்டும் கணக்கில் வைத்து, ஈபி அலுவலகத்தில் விதியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தறிக்கும் மானியம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் சித்தப்பா அப்படி நம்பினார். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்தவரிடம் "பதிவுக் கட்டணம்" என்று ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துப் போன் அடித்தால் "ஸ்விட்ச் ஆஃப்". ஐயாயிரம் என்பது அவருக்கு எத்தனை நாள் கூலி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று வருகிற குறுஞ்செய்தியும் இதே ரகம்தான். லிங்க்கைத் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல், தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

பின்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார்: "கரண்ட் போனா சோலார்ல ஃபேன் ஓடுமா?" நல்ல கேள்வி. ஓடாதும்மா. பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்த்துப் போடுகிற சோலார், லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். ஏன் என்றால், கம்பத்தில் லைன்மேன் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் நம்ம மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குப் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. அவரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. இதை மறைத்து விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. எங்கள் வீட்டு ஈபி கணக்கில் போன வருஷம் வரைக்கும் தாத்தா பெயர்தான் இருந்தது. அவர் காலமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பில் வந்தது, கட்டினோம், யாரும் கவலைப்படவில்லை. சோலாருக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் நின்றுவிட்டது. விண்ணப்பிப்பவர் பெயரும் மின் இணைப்பில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா, பெரியப்பா, அத்தை எல்லாரும் உட்கார்ந்து பேசி, வாரிசுச் சான்றிதழ் எடுத்துப் பெயர் மாற்ற வேண்டியதாயிற்று. தாத்தா பெயரை எடுக்க அப்பாவுக்கு மனசே வரவில்லை. "இந்த வீட்டுல அவர் பேர் இருந்ததே இந்தக் காகிதத்துலதான்" என்றார். ஆனால் மாற்றித்தான் ஆக வேண்டும். உங்கள் தெருவிலும் இப்படி எத்தனை வீடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சோலார் போடாவிட்டாலும் பெயரை மாற்றி வையுங்கள். நாளைக்கு எந்தத் திட்டம் வந்தாலும் கேட்கிற முதல் காகிதம் அதுதான்.

வீட்டுக்குப் போனதும் போனை எடுத்து இந்த ஐந்து வேலையைச் செய்யுங்கள்:

1. கடைசி ஆறு பில்களில் யூனிட் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். மழைக்காலம், கோடை இரண்டும் அதில் வந்துவிடும்.

2. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டு இணைப்பையும் தறி இணைப்பையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

3. காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மாடியைப் போட்டோ எடுங்கள். நிழல் எங்கே விழுகிறது என்று தெரியும்.

4. போடுவது என்று முடிவானால் பிஎம் சூர்ய கர் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். அங்கே பட்டியலில் உள்ள நிறுவனங்களில் மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

5. மின்சாரம் பற்றிய எந்தப் புகாருக்கும் மின்னகம் எண் 94987 94987. புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள்.

போட்ட பிறகு ஒரு வேலை இருக்கிறது. தறி ஓடுகிற தெருவில் பஞ்சுத் தூசி அதிகம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை விடிகாலையில் வெறும் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். உச்சி வெயிலில் சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

நம்ம ஊரில் வெயிலுக்குக் குறைவே இல்லை. இத்தனை வருஷம் அதில் பாவும் துணியும் காயவைத்தோம். இனிமேல் அது நம்ம பில்லையும் கொஞ்சம் குறைக்கட்டும். அடுத்த மழையில் தரைப்பாலத்துப் பக்கம் நின்று ஆற்றைப் பார்க்கும்போது, அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருக்கிறவர்கள் பில்லோடு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.