சிரிக்க வைப்பவன் யாரைப் பார்க்கிறான்?

ராயபுரத்துப் பெரியோர்களே, எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வேலை முடிந்து நேராக வந்திருக்கும் தம்பி தங்கைகளே!

வானொலியில் சிரிக்க வைத்துவிட்டு சினிமாவுக்குப் போனவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள் இந்த நூலகத்தார். அதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் ஏது? 1930-இல் மாநகராட்சி ரிப்பன் மாளிகையிலிருந்து வானொலி நடத்தியபோது, பொதுமக்கள் கேட்பதற்காக ஒலிபெருக்கி வைத்த இடங்களில் நம் ராபின்சன் பூங்காவும் ஒன்று. 1949-இல் கொட்டும் மழையில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்ததும் அங்கேதான். பேச்சின் பலம் நமக்குப் புதிதில்லை.

ஆர்.ஜே. பாலாஜியை எடுத்துக்கொள்கிறேன். 2006-இல் கோயம்புத்தூரில் ரேடியோ மிர்ச்சியில் தொடங்கியவர். பிறகு சென்னைக்கு வந்து பிக் எஃப்.எம்.மில் பேசினார். வானொலிக்காரனுக்கு எதிரே முகமும் இல்லை, கைதட்டலும் இல்லை. பத்து விநாடி சலித்தால் போதும், கேட்பவர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார். தினம் தினம் அந்தப் பயத்தோடு பேசிப் பழகிய நாக்கு அது. 2013-இல் 'தீயா வேலை செய்யணும் குமாரு' படத்தில் அவர் பேசிய வேகம் அங்கே விளைந்ததுதான்.

அந்த வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 'கிராஸ் டாக்' வானொலி நிகழ்ச்சி. முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் போட்டு, அவர் குழம்பிக் கோபப்படுவதை ஊரே கேட்டுச் சிரிக்கும். அங்கே மாட்டியவர் நம்மைப் போன்ற சாதாரண ஆள். 2019-இல் அதே மனிதர் கதாநாயகனாக வந்த 'எல்.கே.ஜி.'யில் மாட்டியது யார்? அரசியல். ஒரு வார்டு கவுன்சிலர் முதலமைச்சர் நாற்காலி வரை போகும் கதை. இந்த மாற்றத்தைத்தான் நான் வளர்ச்சி என்பேன். 2024-இல் 'சொர்க்கவாசல்' படத்தில் சென்னை மத்தியச் சிறைக் கைதியாக வந்து, சிரிப்பையே ஒதுக்கிவைத்துவிட்டு நின்றார்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது நம் வடசென்னைக்கு ஏன் முக்கியம்? 1958-இல் 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரராக வந்த நகைச்சுவை நடிகர் சந்திரபாபு நம் பேச்சை அழகாகப் பேசினார். தூத்துக்குடியில் பிறந்தவர் அவர். காதும் மனசும் கொடுத்துக் கற்றுக்கொண்டார். அந்த அன்பு பின்னால் வந்த எத்தனையோ பேரிடம் இல்லை. இந்தப் பேச்சு திரையில் கேட்டால் ஆள் ரவுடி, இல்லாவிட்டால் கோமாளி. நாம் சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்தால் பெருமை; நாம் வாய் திறந்ததுமே சிரித்தால் அது என்ன நியாயம்?

சொல்ல நமக்கு விஷயமா இல்லை? 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையெல்லாம் தார் போல அப்பிய எண்ணெயை நம் பிள்ளைகள் பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய். மறுபடியும் மீனவர் கையில் பக்கெட். இதை வயிறு குலுங்கச் சிரிக்கவும் நெஞ்சு எரியவும் வைத்துச் சொல்ல, அந்தக் கரையில் நின்ற தம்பியைவிடத் தகுதியானவன் யார்?

நூலகத்தாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சாயங்காலம் இந்த மைக்கை நம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம் போதும். மீன் விற்கும் அம்மாவையும் லாரி கிளீனரையும் நக்கலடிக்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனை இருக்கட்டும். இன்றைக்கே பெயர் கொடுங்கள், தம்பிகளே, தங்கைகளே. முதல் கூட்டத்துக்கு நான் முன்வரிசையில் வந்து உட்காருகிறேன்.