வாடைக் காலத்து மேலாடை

பெரும்போக நெற்பயிர் குடலைப் பருவத்தை அடையும் வேளையும், வாடைக் காற்று மழையோடு வீசும் வேளையும் தம்பலகாமத்திலே ஒன்றாகவே வருகின்றன. அவ்வேளையிலேதான் யானையும் பன்றியும் வயலை நாடுகின்றன. ஆதலால், ஆண்டிலே குளிர் மிகுந்த இரவுகளிலேயே நம் உழவர் பரணில் விழித்திருக்க வேண்டியவராகின்றனர். அவர்கள் எத்தகைய மேலாடையோடு செல்லுதல் நன்று என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வெப்ப நாட்டிலே இதற்கும் ஒரு பேச்சா என்று சிலர் நகைக்கக்கூடும். திருகோணமலைப் பகுதியில் வெப்பமானி 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிதே. ஆயினும், குளிர் வெப்பமானியை மட்டும் பொறுத்ததன்று. அசையாத காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. நனைந்த சட்டையோடு காற்றிலே நெடுநேரம் இருப்பவர் மெலிந்த முதியவராயின், அவரது உடலின் உள்வெப்பம் 37 பாகையிலிருந்து 35 பாகைக்குக் கீழே இறங்கவுங்கூடும். அப்பொழுது கை விறைக்கும், நாக்குழறும், சிந்தை மயங்கும். பரணை விட்டு இறங்கி ஓடவேண்டிய நேரத்திலே கால் சொற்கேளாது. யானை முன்னே நிற்கும்பொழுது இது சிறிய குறையாகுமா?

குளிரிலே அசையாது காத்திருக்கும் கலையை நன்கு கற்றவர் வேட்டுவரே. வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிற் மக்கள் கரிபூ என்னும் மானின் தோலால் இரண்டு அங்கிகள் செய்து, ஒன்றன்மேலொன்றாக அணிந்தனர். உள்ளங்கியின் மயிர் உடலை நோக்கியிருக்கும். வெளியங்கியின் மயிர் புறத்தே நோக்கியிருக்கும். நம் தீவிலும், 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் மலைநாட்டுக் குளிரிலே நாய்களைக் கொண்டு மரை வேட்டையாடினார். இன்று மரையைச் சட்டம் காக்கின்றது. வேட்டை ஒழியலாம்; வேட்டுவர் கற்ற பாடம் ஒழியவேண்டியதில்லை.

அப்பாடத்தின் முதற்பகுதி இது: ஆடை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, உடல் உண்டாக்கும் வெப்பத்தைக் காப்பதே அதன் தொழில். ஆடைகளுக்கிடையே அடைபட்டு நிற்கும் காற்றே அந்தக் காவலன். ஆகவே, பருமனான ஓர் ஆடையிலும் மெல்லிய இரண்டு மூன்று ஆடைகள் சிறந்தவை. 1924இல் எவரெஸ்ட் மலையில் ஏறுகையில் மறைந்த மலோறி, பட்டு, பருத்தி, கம்பளி ஆடைகளை அடுக்கியணிந்து, அவற்றின்மேல் காற்றைத் தடுக்கும் நெருங்கிய நெசவுத் துணியால் ஆன சட்டையை அணிந்திருந்தார். அவ்வுடையைப் போன்றதொன்றைத் தைத்து, 2006இல் அம்மலையிலேயே அணிந்து பார்த்தனர். அது இலேசானதாகவும் குளிரைத் தாங்குவதாகவும் இருந்தது.

இரண்டாவது, துணியின் இயல்பு. நம்மவர் பெரிதும் நம்புவது பருத்திச் சாரத்தையும் துவாயையும். பருத்தி உலர்ந்திருக்கும்வரை நண்பன். நனைந்தால் உடலோடு ஒட்டி வெப்பத்தை உறிஞ்சும் பகைவன். கம்பளியோ சிறிது நனைந்த பின்னரும் தன் சுருளிழைகளுள்ளே காற்றைப் பிடித்து வைத்திருக்கும். எனவே, உள்ளே பழைய கம்பளிச் சுவெற்றர் ஒன்று. வெளியே நீர்புகாத மழைக்கோட்டு ஒன்று. தலைக்கும் காதுக்கும் ஒரு மப்ளர். இவை போதும். சாக்கைக் கவிழ்த்துக்கொள்ளும் வழக்கம் தூறலுக்கு உதவும். பெருமழையிலோ சாக்கே நீர்ச்சுமையாகிவிடும்.

மூன்றாவது, அணியும் நேரம். வீட்டிலேயே எல்லாவற்றையும் போர்த்துக்கொண்டு வரம்பு வழியே விரைந்து நடந்தால் வியர்வை பெருகும். மழைக்கோட்டு அவ்வியர்வையை வெளியே விடாது. பரணில் அமர்ந்தவுடன் அதுவே குளிராக மாறும். கம்பளியைப் பையிலே வைத்துச் சென்று, பரணேறியபின் உடலைத் துடைத்து அணிதல் வேண்டும். மாற்றுச் சட்டை ஒன்று உலர்ந்த நிலையில் இருப்பின் இன்னும் நன்று.

நான்காவது, நிறம். மேற்குநாட்டு வேட்டைக்காரர் பலர் பளிச்சிடும் செம்மஞ்சட் சட்டை அணிகின்றனர். மானுக்கு அந்நிறம் தெளிவாகத் தெரிவதில்லை. துப்பாக்கி ஏந்திய மற்றொருவனுக்கோ நன்கு தெரியும். இருளிலே கரிய போர்வையுள் குனிந்திருக்கும் மனிதனைப் பன்றியென்று எண்ணிவிடுதல் எளிது. வெளியாடை வெளிர்நிறமாகவோ, விளக்கொளியை எதிரொளிக்கும் பட்டி தைத்ததாகவோ இருத்தல் உயிர்க்காப்பாகும்.

இன்னுமொன்று. குளிருக்குச் சாராயம் சிறந்த போர்வை என்பார் உளர். அது தோலின் குருதிக் குழாய்களை விரியச் செய்வதாற் சூடேறியது போலத் தோன்றும். உண்மையில் உடலின் வெப்பம் விரைந்து வெளியேறுகின்றது. தேநீர்ப் போத்தலே தக்க துணை.

நேயர்களே, தைப்பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தாடை எடுக்கும் இல்லங்களிலே, அப்பொங்கலுக்குரிய நெல்லைக் காக்கச் செல்லும் தந்தைக்குக் கிழிந்த துவாயே எஞ்சுவதைக் காண்கின்றோம். அவர் கேட்கமாட்டார். கேளாமலே வாங்கிக் கொடுப்பது நம் கடன். இவ்வாண்டு வாடை தொடங்குமுன்னரே அக்கடனைத் தீர்ப்போமாக.