ரெட்டியார்சத்திரத்துக்கு பஸ் ஏறுங்கள்



முதுகலை முடித்த பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள்: "ஐயா, நன்னீர் ஆராய்ச்சி பண்ணணும், எங்கே போகலாம்?" ஒருவர் சிலிகா ஏரி என்றார். அது உவர்நீர் என்பது வேறு கதை! நான் திண்டுக்கல் பக்கத்து ரெட்டியார்சத்திரத்துக்கு பஸ் ஏறச் சொன்னேன்.

காரணம் இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் வேலூர்க்காரர்கள். ஆனால் தீர்ப்பைப் புரட்டினால் நம்ம ஊர் வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்கள். குடிக்கவும் பாய்ச்சவும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின. இதைக் கணக்கெடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, ஒரு தொண்டு நிறுவனம். கிணறு கிணறாகப் போய் எண்ணிய கணக்கு டெல்லி வரை பேசியது.

தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் தொழிற்சாலைக்கு வரும். முதலில் ஊறப்போட்டு அலசுகிற தண்ணீரிலேயே அந்த உப்பில் பெரும்பகுதி இறங்கிவிடும். எல்லோரும் தோல் பதனிடப் போடும் குரோமியத்தைப் பேசுகிறோம். கிணற்றைக் கரிக்க வைத்தது இந்தச் சாதாரண உப்பு. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர அளவு.

உப்பு மட்டுமல்ல, தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறதா என்றும் பார்க்கணும். அதற்கு மாணவர் முதலில் கற்கவேண்டியது கைவேலை. குடகனாற்றில் இறங்கி, குமிழி ஒன்றுகூட நுழையாமல் பாட்டிலை நிரப்பணும். மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு, மூடிக் கவிழ்க்கணும். பழுப்பாகப் படிந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் மீனுக்கு மூச்சில்லை. 1888-இல் விங்க்ளர் சொன்ன முறை. கரையிலேயே செய்யணும், ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்துக்கலாம் என்றால் கணக்குத் தப்பிவிடும்.

"இதுக்கெல்லாம் சோறு கிடைக்குமா?" பெற்றோர் கேட்பது நியாயம்தான். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. சின்னாளப்பட்டிப் பக்கமே காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டணம் தேடி ஓட வேண்டாம்.

கிணறு வைத்திருக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் பாட்டிலோடு வந்தால் தண்ணீர் மட்டும் இறைத்துக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். கிணறு எந்த வருஷம் கரிக்க ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன வெள்ளாமை வைத்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். அதை அளக்க அவர்களிடம் கருவி கிடையாது.